விண்டோஸ் நிரல் லினக்ஸில் ஓட மறுத்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

"ஓடல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. ஐகானை இரட்டைக் கிளிக் செய்தும் ஒன்றுமே நடக்கவில்லையா? சாளரம் ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்ததா? திறந்துவிட்டு, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறதா? மூன்றும் மூன்று இடத்துக் கோளாறு. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால், இருந்த கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டித் தரும் வைன் மேல் பழி போடுவதற்கு முன்னால் அடியில் இருக்கும் லினக்ஸ் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. வட்டு நிரம்பிய கணினியில் எந்த விண்டோஸ் நிரலும் ஒழுங்காக ஓடாது. அதற்கு வைன் என்ன செய்யும்?

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். கட்டளைச் சாளரமான டெர்மினலில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. வைன்பிரிஃபிக்ஸ் போன்ற சூழல் மாறிகளின் (நிரலுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கும் அமைப்புகள்) பெயருக்குப் பெரிய எழுத்து. வேறெங்காவது பெரிய எழுத்து வேண்டுமென்றால் அங்கேயே சொல்கிறேன்.

கடவுச்சொல் சரி, ஆனாலும் உள்நுழைவுத் திரையே திரும்ப வருகிறது

கடவுச்சொல் தவறு என்றால் திரை அதைச் சொல்லும். எதுவும் சொல்லாமல் ஒரு நொடி கறுத்து மறுபடி பெயரைக் கேட்டால், உங்களை உள்ளே விட்டாகிவிட்டது. டெஸ்க்டாப்தான் எழ முடியாமல் விழுகிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்துத் திரை வரும். அங்கே நுழைய முடிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதலில் வட்டைப் பாருங்கள்: டிஎஃப் மைனஸ் ஹெச். ரூட் (/) வரிசையிலோ ஹோம் (/home) வரிசையிலோ 100% என்று நின்றால் வேறு எதையும் தேட வேண்டாம். டெஸ்க்டாப் தொடங்கும்போது சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும், எழுத இடமில்லை. ஈஎக்ஸ்டி4 வடிவம் வழக்கமாக 5% இடத்தை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கும். அதனால்தான் இந்த நிலையிலும் நிர்வாகி உள்ளே வந்து துப்புரவு செய்ய முடிகிறது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் சூடோ ஆப்ட் கிளீன் கொடுங்கள் (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது). பதிவேடு பெருத்திருந்தால் ஜர்னல்சிடிஎல் கட்டளையின் வேக்யூம்-சைஸ் விருப்பத்தில் 200எம் (எம் மட்டும் பெரிய எழுத்து) என்று கொடுத்தால் அந்த அளவுக்குச் சுருக்கிவிடும். இடம் இருப்பதாகக் காட்டியும் எழுத முடியவில்லையா? டிஎஃப் மைனஸ் ஐ கொடுத்துப் பாருங்கள். துண்டுக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம்) தீர்ந்துபோயிருக்கலாம்.

வட்டில் குறையில்லை என்றால் அடுத்தது உரிமை. ஹோம் அடைவில் எல்எஸ் மைனஸ் எல்ஏ கொடுத்து, புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ஆத்தாரிட்டி (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) என்ற கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரூட் என்று இருந்தால், என்றோ ஒருநாள் ஏதோ ஒரு வரைகலை நிரலை சூடோ போட்டு ஓட்டியதன் மிச்சம் அது. நீக்கிவிடுங்கள், அடுத்த நுழைவில் தானாகப் புதிது உருவாகும். டெம்ப் அடைவின் அனுமதியையும் ஒருமுறை சரிபாருங்கள். அது 1777 ஆக இருக்க வேண்டும்.

புதுப்பித்த பிறகு திரை கறுப்பு

பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர். கணினி தொடங்கும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையைப் பிடித்து எதைத் தொடங்க வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியலை வரவழையுங்கள். அங்கே மேம்பட்ட விருப்பங்களுக்குள் முந்தைய கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இருக்கும். அதில் ஏறி வந்தால் கோளாறு புதிய கர்னலுக்கும் டிரைவருக்கும் இடையில்தான் என்று தெரிந்துவிடும். பழைய கர்னலும் கைகொடுக்காவிட்டால், பட்டியலில் நின்றபடி ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும்தான் செல்லும். உள்ளே வந்து டிரைவரைச் சரிசெய்துகொள்ள அது போதும்.

என்விடியா அட்டை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், கையொப்பம் இல்லாத டிரைவர் தொகுதியை கர்னல் ஏற்றாது. டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்திருக்கும். அது என்னவென்று புரியாமல் "தொடர்" என்று தட்டிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அந்தத் திரையில்தான் சாவியைப் பதிய வேண்டும். விட்டுவிட்டீர்கள் என்றால் மோக்யூடில் கருவியின் இம்போர்ட் வழியாக மறுபடி கேட்டு வாங்கலாம்.

எதையும் நிறுவ முடியவில்லை, பூட்டு என்கிறது

நிரல்களை நிறுவும் டிபிகேஜியின் பூட்டுக் கோப்பைப் பெற முடியவில்லை என்ற செய்தி வந்தால், அந்தக் கோப்பையே அழித்துவிடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். கேட்காதீர்கள். பெரும்பாலும் பின்னணியில் தானியங்கிப் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பூட்டு. சில நிமிடம் பொறுத்தால் தானே திறக்கும். நடுவில் மின்சாரம் போய் நின்றுவிட்டது என்றால் சூடோ டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ. பிறகு சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மைனஸ் எஃப்.

விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகிர்வு திறக்கிறது, எழுத விடவில்லை

இரட்டை இயங்குதளக் கணினியில் இது வாடிக்கை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், "ஷட் டவுன்" என்று சொல்லிவிட்டு உண்மையில் அரைத் தூக்கத்தில் போகிறது. வட்டு இன்னும் தன் கையில் இருப்பதாகக் குறித்து வைத்துவிடுகிறது. லினக்ஸ் மரியாதையாகப் படிப்பதோடு நின்றுகொள்கிறது. விண்டோஸுக்குள் போய், நிர்வாகியாகத் திறந்த கட்டளைச் சாளரத்தில் பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் கொடுத்து முழுதாக அணையுங்கள். என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கருவி அந்தக் குறியை அழித்துவிடும்தான். ஆனால் அது விண்டோஸின் வட்டுச் சோதனைக்கு மாற்று ஆகாது.

இந்தப் பகிர்விலேயே வைன் தன் கோப்புகளை வைக்கும் அடைவையோ ஸ்டீம் கடையின் விளையாட்டையோ வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். வைன் தன் டிரைவ்களுக்கு சி, இசட் என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்த்தே பெயர் வைக்கிறது. விண்டோஸின் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ் பகிர்வில் அந்தக் குறியால் வரும் தொல்லைகள் தனிக் கதை.

ஒலி வரவில்லை என்றால் பாதி நேரம் அது எச்டிஎம்ஐ வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஒலி அமைப்புக் கருவியான பாவுகன்ட்ரோலைத் திறந்து வெளியீட்டை மாற்றுங்கள். வைஃபை காணோம் என்றால் ஆர்எஃப்கில் லிஸ்ட் கொடுத்து எங்காவது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபர்ம்வேர் (வைஃபை அட்டைக்குள் ஓடும் சிறு மென்பொருள்) தேவை. அதை இறக்க இணையம் வேண்டுமே என்று விழிக்காமல் கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்யுங்கள்.

இனி வைன்.

இரட்டைக் கிளிக் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை

வைன் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை நடிப்பதில்லை. விண்டோஸ் நிரல் "ஒரு சாளரம் திற", "இந்தக் கோப்பைக் கொடு" என்று கேட்பதை வாங்கி, லினக்ஸுக்குப் புரியும்படி அங்கேயே திருப்பிச் சொல்கிறது. 1993இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் 1.0 பதிப்பு 2008இல்தான் வந்தது. பதினைந்து வருடம்! விண்டோஸின் கதவுகள் அத்தனை. இன்னும் திறக்காத கதவுகளும் உண்டு, உங்கள் நிரல் அதில் ஒன்றைத் தட்டியிருக்கலாம்.

எந்தக் கதவு என்று ஐகான் சொல்லாது, டெர்மினல் சொல்லும். நிரல் இருக்கும் அடைவுக்குப் போய் வைன் என்று தட்டி, இடைவெளி விட்டு நிரலின் பெயரைக் கொடுங்கள். வரிகள் மளமளவென்று கொட்டும். பயப்பட வேண்டாம். ஃபிக்ஸ்மி என்று இருக்கும் வரிகள் வைன் எழுதுகிறவர்கள் தமக்குத் தாமே விட்டுவைத்த குறிப்புகள். நன்றாக ஓடும் நிரலிலும் அவை வரும். நீங்கள் தேட வேண்டியது எர்ர் என்று தொடங்கும் முதல் வரி. முதல் வரி, கடைசி வரி இல்லை. பின்னால் வருவதெல்லாம் முதலாவது விழுந்ததால் சரிந்த சீட்டுகள்.

அந்த வரியில் ஒரு டிஎல்எல் (நிரல் பயன்படுத்தும் விண்டோஸ் நூலகக் கோப்பு) பெயரும் "நாட் ஃபவுண்ட்" என்ற சொல்லும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 போன்ற பெயர்கள் விஷுவல் சி++ இயக்க நூலகம். அதைத் தருவது, விடுபட்ட நூலகங்களை வைனில் நிறுவும் வைன்டிரிக்ஸ் கருவியில் விசிரன்2019 அல்லது விசிரன்2022. எம்எஃப்சி42 என்று இருந்தால் அதே பெயரில் வைன்டிரிக்ஸில் இருக்கிறது. டாட்நெட் கேட்கும் நிரலுக்கு முதலில் அதற்கு மாற்றாக வைனோடு வரும் மோனோவே போதுமா என்று பாருங்கள். போதாவிட்டால் மட்டும் டாட்நெட்48. அது நிறுவ நெடுநேரம் ஆகும், திரை உறைந்துபோனது போல் இருக்கும், நடுவில் நிறுத்தினால் முழு அடைவும் கெடும்.

காணாமல் போன டிஎல்எல்லை மட்டும் தனியாக இறக்கித் தரும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். அங்கே கிடைப்பது எந்தப் பதிப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "வைனில் வைரஸ் ஏறாது" என்பதும் பாதி உண்மைதான். வைன் உங்கள் லினக்ஸ் கோப்பு முறை முழுவதையும் இசட் டிரைவாகக் காட்டுகிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல் ஒன்றை ஓட்டினால், உங்கள் ஹோம் அடைவு அதற்கும் தெரியும். நம்பிக்கையில்லாத நிரலை ஓட்டியே ஆக வேண்டுமென்றால், குறைந்தபட்சம் வைனின் அமைப்புக் கருவியான வைன்சிஎஃப்ஜியின் டிரைவ்ஸ் பக்கத்தில் இசட்டை எடுத்துவிடுங்கள். அதுவும் முழுக் காவல் ஆகாது.

அடைவு உங்களுடையது இல்லை என்கிறது

நான் பட்டது இது. ஒரு கணக்கு நிரல் நிறுவ மறுத்தபோது அவசரத்தில் சூடோ வைன் என்று அடித்தேன். அப்போதும் நிறுவவில்லை. அதற்குப் பிறகு, அதுவரை ஒழுங்காக ஓடிய மற்ற நிரல்களும் நின்றுவிட்டன. ஹோமில் இருந்த புள்ளி-வைன் அடைவுக்குள் பாதிக் கோப்புகள் ரூட் பெயருக்கு மாறியிருந்தன. ஒரு மாலை முழுக்க டிஎல்எல் தேடிக்கொண்டிருந்தேன். செய்ய வேண்டியிருந்தது சூடோ சிஹெச்ஓன் மைனஸ் ஆர் (ஆர் பெரிய எழுத்து), என் பயனர் பெயர், அந்த அடைவு, அவ்வளவுதான். வைனை ஒருபோதும் சூடோவுடன் ஓட்டாதீர்கள். எந்த விண்டோஸ் நிரலுக்கும் அது தேவைப்படாது.

32, 64 என்று ஏதோ எண் சொல்லி நிற்கிறது

நிரலும் வைனும் வெவ்வேறு அளவு. டெபியன் குடும்பத்தில் "வைன்32 இல்லை போலிருக்கிறது" என்றே செய்தி வரும். டிபிகேஜி மைனஸ் மைனஸ் ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386 கொடுத்து, பட்டியலைப் புதுப்பித்து, வைன்32ஐ நிறுவுங்கள். அடைவு 32 பிட், நிரல் 64 பிட் என்றால் அந்த அடைவை மாற்ற வழியில்லை, புதிது தொடங்க வேண்டும். வைன் 9.0 முதல் 32 பிட் நூலகங்கள் இல்லாமலே 32 பிட் நிரலை ஓட்டும் புதிய முறை வந்திருக்கிறது. உங்கள் லினக்ஸ் விநியோகம் (உபுண்டு, டெபியன் போன்றது) அதைக் கையாண்டால் இந்தத் தொல்லை மெல்லக் குறையும்.

விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸே ஓட்டாது. வைனின் 32 பிட் அடைவில் அவற்றில் பல ஓடுகின்றன. பழைய குறுந்தகட்டை வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் லினக்ஸுக்கு வருவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

நேற்று வரை ஓடியது

இடையில் என்ன மாறியது என்று யோசியுங்கள். வைன் புதுப்பிக்கப்பட்டிருந்தால் வைன்பூட் மைனஸ் யூ. முந்தைய ஓட்டம் சரியாக முடியாமல் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தால் வைன்சர்வர் மைனஸ் கே. எல்லாம் நின்றுவிடும், மறுபடி தொடங்கலாம். இன்னொரு நிரலுக்காக வைன்டிரிக்ஸில் எதையோ நிறுவினீர்கள் என்றால் அதுதான் குற்றவாளி.

ஒரு நிரலுக்கு ஒரு அடைவு என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். வைன்பிரிஃபிக்ஸ் என்ற மாறியில் ஒரு முழுப் பாதையைக் கொடுத்து வைனை ஓட்டினால், அந்த இடத்தில் புத்தம் புதிய சி டிரைவும் ரெஜிஸ்ட்ரியும் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) உருவாகும். ஒன்று கெட்டால் அதை மட்டும் அழிக்கலாம். ஒழுங்காக ஓடும் அடைவை அப்படியே நகலெடுத்து வைத்தால் அதுவே காப்பு. ரெஜிஸ்ட்ரிகூட உள்ளே சாதாரண எழுத்துக் கோப்புதான். இந்த மாறியெல்லாம் நினைவில் நிற்காது என்பவர்களுக்கு பாட்டில்ஸ், லூட்ரிஸ் என்ற நிரல்கள் இரண்டும் இதையே பொத்தான் வழியாகச் செய்கின்றன.

திறக்கிறது, தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் "தமிழ் தெரியவில்லை" என்பதற்குள் மூன்று அறிகுறிகள் ஒளிந்திருக்கின்றன.

வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. விண்டோஸ் நிரல்கள் லதா, நிர்மலா யூஐ என்று பெயர் சொல்லிக் கேட்கும். அவை மைக்ரோசாஃப்டின் சொத்து, வைனோடு வராது. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழை லினக்ஸில் நிறுவி, எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் அது தெரிகிறதா என்று உறுதிசெய்யுங்கள். லினக்ஸுக்குத் தெரியும் எழுத்துரு வைனுக்கும் தெரியும். அதற்குப் பிறகும் கட்டம்தான் என்றால், நிரல் லதாவைத் தவிர வேறெதையும் ஏற்க மறுக்கிறது. அதே அடைவில் வைன் ரெஜ்எடிட் திறந்து, நடப்புப் பயனர் கிளையில் சாஃப்ட்வேர், வைன், ஃபான்ட்ஸ், ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்று இறங்குங்கள். கடைசிக் கிளை இல்லாவிட்டால் உருவாக்குங்கள். லதா என்ற பெயரில் ஒரு சர மதிப்பு, அதன் உள்ளே லோகித் தமிழ். இரண்டும் ஆங்கில எழுத்தில், எழுத்துருவின் பெயர் எஃப்சி-லிஸ்டில் இருக்கிற மாதிரியே. நிரலை மூடித் திறந்தால் லதா கேட்டவர்க்கு லோகித் கிடைக்கும்.

எழுத்து தெரிகிறது, ஆனால் "கொ" என்பதில் கொம்பு தன் இடத்தில் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் விழுகிறது என்றால் எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்துகளை வரிசை மாற்றி அடுக்கும் வேலை எங்கோ பிசகுகிறது. புதிய வைன் பதிப்பில் ஒருமுறை முயலுங்கள். அதிலும் அப்படியே என்றால், கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

மூன்றாவது: பழைய ஆவணத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் மேலே கோடு போட்ட எழுத்தும் கலந்து குப்பையாகத் தெரிகிறது. இது கோளாறே இல்லை. யூனிகோடுக்கு முந்திய பாமினி, டாப், டாம் வகை எழுத்துருக்கள், லத்தீன் எழுத்துகளின் இருக்கையில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. அந்த எழுத்துருவை ஹோமின் புள்ளி-லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் அடைவில் போட்டால் ஆவணம் உயிர்பெறும். கூடவே ஒரு நுட்பம்: இவ்வகை நிரல்கள் பெரும்பாலும் 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிப்பக்கத்தை (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை) நம்பி எழுதப்பட்டவை. உங்கள் கணினியின் மொழிச் சூழல் தமிழில் இருந்தால், இந்த நிரலுக்கு மட்டும் எல்சி_ஆல் மாறியை அமெரிக்க ஆங்கிலம், யூடிஎஃப்-8 (en_US.UTF-8) என்று வைத்து ஓட்டுங்கள்.

எழுத்தெல்லாம் சரி, எறும்பு அளவில் இருக்கிறது என்றால் வைன்சிஎஃப்ஜி, கிராஃபிக்ஸ் பக்கம், 96 என்றிருக்கும் டிபிஐயை 144 அல்லது 192 ஆக்குங்கள்.

மற்ற நிரல்களில் தமிழ் தட்டச்சு வருகிறது, வைனில் வரவில்லை

லினக்ஸின் பழைய திரை அமைப்பான எக்ஸ்11 வழியில் ஓடும் வைன், விசைப்பலகை உள்ளீட்டை எக்ஸ்ஐஎம் என்ற பழைய வழியில்தான் வாங்குகிறது. தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் வைத்திருப்பவர்கள் எக்ஸ்மாடிஃபையர்ஸ் மாறி காலியாக இல்லையா என்று எக்கோ போட்டுப் பாருங்கள். அட் குறி, ஐஎம், சமக்குறி, ஐபஸ் என்று சேர்ந்திருக்க வேண்டும். ஐபஸ் ஓடத் தொடங்கிய பிறகு நிரலைத் திறங்கள். முன்பே திறந்திருந்த சாளரத்துக்கு இது தெரியாது.

விளையாட்டு திறக்கிறது, திரை கறுப்பு, ஒலி மட்டும் வருகிறது

இன்று விண்டோஸின் வரைகலை முறையான டைரக்ட்எக்ஸை லினக்ஸிலும் ஓடும் வல்கனாக மாற்றித் தரும் டிஎக்ஸ்விகேதான் இந்த வேலையைச் சுமக்கிறது. 2018இல் வந்த, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் புரோட்டானும் (விளையாட்டுக்கென்று தயாரித்த வைன்) அதைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. அதனால் வல்கன் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி: வல்கன்இன்ஃபோ ஓட்டுங்கள். உங்கள் அட்டையின் பெயர் வராமல் எல்எல்விஎம்பைப் என்று வந்தால், படம் வரையும் வேலையை பிராசஸரே இழுத்துக்கொண்டிருக்கிறது, டிரைவரை நிறுவுங்கள். பழைய 32 பிட் விளையாட்டென்றால் வல்கன் டிரைவரின் 32 பிட் தொகுப்பும் தேவை. டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கேட்கும். அது இல்லாத பழைய அட்டையில் புரோட்டான்_யூஸ்_வைன்டி3டி மாறியை 1 ஆக்கினால் ஓபன்ஜிஎல் என்ற பழைய வரைகலை வழியில் ஓடும், வேகம் குறையும்.

இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு உள்நுழையும் இடத்தில் தள்ளிவிட்டால், நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஏமாற்றுத் தடுப்பு நிரலை லினக்ஸுக்குத் திறந்துவிடுவது விளையாட்டை உருவாக்கியவர் கையில்.

எல்லாம் செய்தாயிற்று

அச்சுப்பொறி தெரியவில்லை என்றால் வைனில் தேடாதீர்கள். வைன் லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸைத்தான் கேட்கிறது. லினக்ஸில் அச்சாகும் பொறி வைனிலும் தெரிய வேண்டும். 32 பிட் நிரலில் மட்டும் தெரியவில்லை என்றால் கப்ஸ் நூலகத்தின் 32 பிட் பிரதி குறைகிறது.

உரிமத்துக்கு யூஎஸ்பி டாங்கிள் கேட்கும் நிரல், தன் சொந்த கர்னல் டிரைவரை நிறுவும் நிரல், ஸ்கேனருக்கு விண்டோஸ் டிரைவர் தேடும் நிரல் ஆகியவற்றோடு வைனில் மல்லுக்கட்டி நாளைக் கழிக்காதீர்கள். நிறுவும் முன்பே வைனின் ஆப்டிபி தரவுத்தளத்தில் அந்த நிரலின் அதே பதிப்பைத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்றால் துணிந்து இறங்கலாம். கார்பேஜ் என்று பலர் எழுதியிருந்தால் அவர்கள் ஏற்கனவே உங்கள் மாலையையும் சேர்த்துச் செலவழித்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டதை மெய்நிகர் கணினி ஓட்டும் கேவிஎம் அல்லது விர்ச்சுவல்பாக்ஸில் உரிமம் உள்ள விண்டோஸ் வைத்து ஓட்டுங்கள். மெய்நிகர் கணினி தொடங்கவே மறுத்தால் பயாஸில் விடி-எக்ஸ் அல்லது எஸ்விஎம் (இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களின் மெய்நிகர் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டாங்கிளை விருந்தாளி கணினிக்குத் திருப்பிவிட யூஎஸ்பி அமைப்பில் இடம் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸில் அந்தப் பட்டியல் காலியாக வந்தால் உங்கள் பயனரை விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். நிரல் ஒழுங்காக ஓடிய அந்த நிமிடமே ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் நகல்) எடுத்துக்கொள்ளுங்கள், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கு முன்.